ஒன்றாம் தேதியையும் படமெடுங்கள்: தமிழ்த் திரைக்கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் படங்களில் கம்பெனி வருகிறது, முதலாளி வருகிறார், கோட் போட்ட சிஇஓ வருகிறார், நீளமான மேசையைச் சுற்றி போர்டு மீட்டிங் நடக்கிறது, டிவியில் ஷேர் விலை சரிகிறது. ஒன்றாம் தேதி மட்டும் வருவதில்லை. முப்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் அந்த மாதச் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, தர வேண்டியவர்களில் யார் தந்தார்கள், யார் இழுத்தடித்தார்கள், போதாதபோது யாருடைய சம்பளத்தை முதலில் நிறுத்தினார்கள் என்பதை நான் பார்த்த தமிழ்ப் படங்கள் காட்டியதே இல்லை. தொழிலையும் கார்ப்பரேட்டையும் ஸ்டார்ட்அப்பையும் வைத்து நீங்கள் சொல்லும் கதைகள் பலவும் அரைகுறையாக நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சென்னையில் சிறிய சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கும் புதிதாகத் தொடங்கிய ஸ்டார்ட்அப்களுக்கும், கூடவே அம்பத்தூர் பக்கம் சில பட்டறைகளுக்கும் கணக்கு எழுதி, சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சினிமா பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதால்தான் எழுதுகிறேன்.

"சினிமாதானே, அதில் என்ன கணக்கு வழக்கு" என்று கேட்பவர்கள் இருக்கலாம். இங்கே தொழில் தொடங்குகிறவர்கள் உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2010இல் சென்னையில் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அந்தப் பங்கு வெளியீட்டு வேலைக்கு உள்ளுக்குள் அவர்கள் வைத்திருந்த பெயர் 'ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்'. நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் ரஜினி ரசிகர், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். என்னிடம் ரசீதுகளை அள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். முதலீட்டாளரைப் பார்க்கப் போகும் வழியில் அவர்கள் காதில் ஓடுவது உங்கள் பாட்டு. கிளையன்ட் "முடியாது" என்று முகத்தில் அடித்தால் என்ன வசனம் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே கிளையன்ட் "பாக்கலாம் சார், அடுத்த வாரம் கூப்பிடுங்க" என்று இனிமையாகச் சொன்னால் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. தொழிலில் பத்தில் ஒன்பது முறை வருவது இந்த இரண்டாவது பதில்தான்.

1992இல் வந்த படத்தில் அண்ணாமலை பால்காரராக இருந்து ஓட்டல் அதிபரானது ஒரு பாட்டுக்குள். 1997இல் சூர்யவம்சம் சின்னராசு பஸ் முதலாளியானதும், அவர் மனைவி கலெக்டரானதும் அப்படித்தான். அந்தப் பாட்டுகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைக்கும் எங்கேயாவது கேட்டால் நின்று கேட்பேன். காலத்தைச் சுருக்குவது சினிமாவின் உரிமை. ஆனால் சுருக்கும்போது எதை வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். முதல் பஸ்ஸுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி என்ன? இரண்டாவது பஸ் வாங்கிய வருஷம், முதல் பஸ்ஸின் டிரைவருக்குச் சம்பளம் ஏறியதா? டயர் கடைக்காரர் எத்தனை மாதம் பொறுத்தார்? ஆரம்பத்தில் கூட நின்ற நண்பர் எந்தக் கட்டத்தில், என்ன வார்த்தை சொல்லிவிட்டு விலகிப் போனார்? ஒரு மனிதர் முதலாளி ஆகும்போது அவருக்குள் என்ன மாறுகிறது என்பது இந்தக் கேள்விகளில் இருக்கிறது. பாட்டு முடியும்போது நாயகன் அதே பழைய நல்லவராக, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு காரிலிருந்து இறங்குகிறார். அந்த வருஷங்களில் அவர் யாரையாவது ஏமாற்ற நேர்ந்ததா, யாரிடமாவது கைகட்டி நிற்க நேர்ந்ததா என்று கேட்க நமக்கு இடமில்லை.

சூரரைப் போற்று வந்தபோது எங்கள் வட்டத்தில் அது வெறும் படமாக இருக்கவில்லை. 2020 நவம்பர், கொரோனா காலம், படம் தியேட்டருக்கு வரவில்லை, வீட்டு டிவியில் பார்த்தோம். அப்பா சாகக் கிடக்கிறார், டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை, விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் நாயகன் கையேந்துகிறார். பணம் இல்லாமையின் அவமானத்தை அவ்வளவு பக்கத்தில் போய்க் காட்டிய தொழில் படம் நமக்கு அரிது. தனக்கென்று ஒரு பேக்கரி வைத்து நடத்தும் மனைவியை எழுதியதற்கு இயக்குநர் சுதா கொங்கராவுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தேசிய விருதுகள் வந்தபோது எங்கள் வீட்டு விசேஷம் போல இருந்தது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படம் ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. 2003இல் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனத்தால் நஷ்டத்தைத் தாங்க முடியவில்லை. 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் அதில் பங்கு வாங்கியது, 2008இல் அது அவருடைய கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தோடு சேர்ந்துபோனது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே நின்றது. அதற்கு முந்தைய பல மாதங்களாக அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. பைலட்டுகளும் இன்ஜினீயர்களும் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஏழைகளைப் பறக்க வைத்த கனவு உண்மைதான். நாம் கொடுக்கும் டிக்கெட் விலையில் விமானம் ஓடக் கட்டுபடியாகுமா, கட்டுபடியாகாவிட்டால் அந்தப் பள்ளத்தை யார் பணத்தில் நிரப்புவது என்ற கேள்வியும் அதே அளவு உண்மை. படம் விமானம் மேலே ஏறுவதோடு முடிந்துவிடுகிறது. கதையை எங்கே முடிப்பது என்பது இயக்குநரின் தீர்மானம், அதில் நான் தலையிடவில்லை. அதற்குப் பிறகான ஐந்து வருஷத்தை வேறு யாராவது எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அதில் ஒரு முழுப் படம் இருக்கிறது.

நான் சொல்லும் ஒன்றாம் தேதி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பெருங்குடியில் ஒரு சின்னக் கம்பெனி. கடைகளுக்கு ஸ்டாக் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். 28ஆம் தேதி, சாயங்காலம். வங்கிக் கணக்கில் இருப்பது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பெரிய கிளையன்ட்டிடமிருந்து வர வேண்டியது வந்துவிட்டால் எல்லோருக்கும் போட்டு மீதியும் இருக்கும். அந்த இன்வாய்ஸ் போய் மூன்று மாதம் தாண்டிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கிளையன்ட் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை, ஆனால் இன்வாய்ஸ் போட்ட மாதத்தின் ஜிஎஸ்டியை இவர்கள் தங்கள் கையிலிருந்து அரசாங்கத்துக்குக் கட்டி முடித்தாயிற்று. ஃபவுண்டர் கிளையன்ட்டின் அக்கவுன்ட்ஸுக்குப் போன் போடுகிறார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், மரியாதையாகத்தான் பேசுகிறது: "சார், உங்க இன்வாய்ஸ்ல பழைய பர்ச்சேஸ் ஆர்டர் (பிஓ) நம்பர் இருக்கு சார். புது பிஓ வாங்கி மறுபடி அனுப்புங்க, அடுத்த சைக்கிள்ல வந்துரும்." அடுத்த சைக்கிள் என்றால் 15ஆம் தேதி. முந்தைய மாதமே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க முடியாது, கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும். ஃபவுண்டர் சொல்கிறார்: "மேடம், சேலரி போடணும் மேடம்." இன்ஜினீயரிங் காலேஜில் மேடையேறிப் பேசி விசில் வாங்கிய பையன் அவன். அந்த நான்கு வார்த்தையை அவன் சொன்ன குரலை ஒரு நல்ல நடிகர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

போனை வைத்த பிறகு சம்பளப் பட்டியலை விரித்துவைத்து உட்கார்ந்தோம். ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கும் சப்போர்ட்டில் இருக்கும் புதுப் பிள்ளைகளுக்கும் முழுதாகப் போட வேண்டும், அதில் பேச்சே இல்லை. 5ஆம் தேதி வீட்டுக் கடன் இஎம்ஐ போகிறவர்கள் அடுத்து. சீனியர்கள் இருவரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அவர்களில் ஒருவர் வீட்டில் அடுத்த வாரம் வளைகாப்பு. ஃபவுண்டர்கள் இருவரும் தங்களுக்கு எடுத்துக்கொண்டு சில காலம் ஆகிறது. அதன்பின் 7ஆம் தேதி டிடிஎஸ் என்ற, பிடித்து வைத்த வருமான வரி, 15ஆம் தேதி பிஎஃப், 20ஆம் தேதி மறுபடி ஜிஎஸ்டி. அப்போதுதான் அந்த யோசனை அறைக்குள் வந்தது: பிடித்து வைத்திருக்கும் பிஎஃப் பணத்தை இந்த மாதம் கட்டாமல் சுழற்றினால் எல்லோருக்கும் முழுச் சம்பளம் போட்டுவிடலாம். அது ஊழியர்கள் சம்பளத்திலிருந்து பிடித்த அவர்களுடைய பணம். கட்டாமல் வைத்துக்கொண்டால் குற்றம். ஆனால் செய்யச் சொன்னவர் திருடர் இல்லை. ஊழியர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்ததில் சொன்னார். அன்றைக்கு வேண்டாம் என்று முடிவானது. அதே 28ஆம் தேதி வேறொரு கட்டடத்தில், இதே மாதிரி நல்ல மனிதர்கள், வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள். ஒரு தொழிலதிபர் நல்லவரா கெட்டவரா என்பது நான் பார்த்தவரை இப்படிப்பட்ட சாயங்காலங்களில்தான் தீர்மானமாகிறது. மழையில் சண்டை போடும்போது தீர்மானமாவதில்லை.

இனி உங்கள் வில்லனுக்கு வருகிறேன். கண்ணாடிக் கட்டடம், சுழல் நாற்காலி, கையில் மதுக் கோப்பை, வாசலில் அடியாட்கள். கத்தி படத்தில் நிலத்தடி நீரைக் குறிவைக்கும் பன்னாட்டுக் கம்பெனியின் தலைவர் அப்படித்தான் வந்தார். விவசாயிகளின் பக்கம் நின்ற படம் அது, அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தண்ணீர் எப்படிக் கைமாறுகிறது என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை வந்தது, 2017 மார்ச்சில் அந்தத் தடை விலகியது. 1,000 லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்ற விலை அப்போது எல்லாச் செய்திகளிலும் அடிபட்டது. அந்த விலையைப் போட்டது யார், எந்தக் கோப்பில், எந்த வருஷம், எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன கேட்டார்? அடியாள் ஒருவரும் தேவைப்படாத காட்சி அது. ஓர் அதிகாரி, ஒரு கம்பெனி மேலாளர், நடுவில் ஓர் ஒப்பந்தத் தாள். இதைப் படமெடுத்தால் ஜனங்கள் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். நீதிமன்ற விசாரணையையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற ஜனங்கள் நாம்.

என் தொழிலில் நான் தினமும் பார்க்கும் வில்லத்தனம் இன்னும் அமைதியானது. சிறு தொழில்களுக்கு வாங்கிய சரக்குக்கோ வேலைக்கோ, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு அப்படிக் காலத்தில் தராத தொகையை, உண்மையில் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியும் என்றும் விதி வந்தது. இவ்வளவு இருந்தும் அம்பத்தூர் பட்டறைக்காரர் அந்த வட்டியைக் கேட்பதில்லை. கேட்டால் பெரிய கம்பெனி அடுத்த மாதம் வேறு பட்டறைக்குப் போய்விடும். அந்தப் பெரிய கம்பெனியின் நிதித் தலைவர் அவரை நேரில் பார்த்ததுகூட இருக்காது. காலாண்டு முடிவில் கையில் ரொக்கம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு மெயில் போட்டுவிட்டு, குழந்தையின் ஆண்டு விழாவுக்குப் போயிருப்பார். அவர் நல்ல அப்பாவாகவும் இருக்கலாம். அந்த மெயில் எட்டுக் கை மாறி வந்து பட்டறைக்காரரின் மகள் காலேஜ் ஃபீஸில் விழுகிறது. இந்தச் சங்கிலியை ஒருமுறை முனையிலிருந்து முனை வரை காட்டுங்கள். அடிக்க ஆளே இல்லாத வில்லத்தனம் எவ்வளவு பயங்கரம் என்று ஜனங்களுக்குப் புரியும்.

2017இல் வந்த வேலைக்காரன் இந்தத் திசையில் கொஞ்ச தூரம் வந்தது. விற்பனைப் பிரிவுக்குள்ளே நுழைந்தது, சாமான் விற்கிறவரின் மனசாட்சியைத் தொட்டுக் கேட்டது, தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னது. அந்தத் துணிச்சலை அதற்குப் பின் அதிகம் பேர் தொடரவில்லை.

வில்லனை வெளியூர்க்காரராக வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தியில் நீல் நிதின் முகேஷ், சூரரைப் போற்றில் பரேஷ் ராவல் என்று கார்ப்பரேட் கெட்டவருக்கு வடக்கிலிருந்து ஆள் கூட்டி வருகிறீர்கள். நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பியவர்களில் பலருக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை. அந்த ஆலைகளை நடத்தியவர்கள் நம் பாஷை பேசியவர்கள், நம் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள். அவர்களை எழுதுவதற்கு அதிகத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எனக்கு ஒரு கதை பல வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போனார்கள். வீட்டில் முதல் சம்பளம் வாங்கிய பெண்கள் அவர்களில் பலர். உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். உதிரிபாகம் செய்து கொடுத்த கம்பெனிகளில் இன்னும் ஆயிரக்கணக்கானோர். உலகச் சந்தையில் ஸ்மார்ட்போன் வந்து நோக்கியா சரிந்தது. 2013இல் வருமான வரித் துறை ஆயிரக்கணக்கான கோடி கேட்டு நெருக்கியது. மாநில அரசும் விற்பனை வரி கேட்டது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை உலகம் முழுக்க வாங்கிக்கொண்டபோது, வரி வழக்கில் சிக்கியிருந்ததால் இந்த ஆலையை விட்டுவிட்டுப் போனது. விருப்ப ஓய்வு என்று சொல்லி ஆயிரக்கணக்கானோரை அனுப்பினார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். வாங்கிய பணத்தில் என்ன செய்தாள், யாருக்குக் கொடுத்தாள், அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேச்சு எடுபட்டதா? இதில் யார் வில்லன்? பின்லாந்தில் புதுப் போனைத் தாமதமாக யோசித்தவர்களா, வரி கேட்ட அதிகாரியா, வரியைத் தவிர்க்க வழி பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கம்பெனியா, கணக்குப் பார்த்து விட்டுப்போன மைக்ரோசாஃப்ட்டா? ஒவ்வொருவர் கையிலும் ஒரு நியாயமான காகிதம் இருந்தது. இந்தக் கதை நடந்தது கோடம்பாக்கத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். உதவி இயக்குநர் ஒருவர் பைக்கில் போய்ப் பேசிவிட்டு வரலாம். அந்தப் பெண்களுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும்.

பெண் தொழிலதிபர்களைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, இரண்டு படமே போதும். 1992இல் மன்னன்: ஆலை முதலாளியான பெண்ணின் திமிரை நாயகன் அடக்குகிறார், கடைசியில் அவள் தொழிலை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். 2017இல் வேலையில்லா பட்டதாரியின் இரண்டாம் பாகம்: மறுபடி ஒரு பெரிய கம்பெனியின் தலைவி, மறுபடி திமிர், மறுபடி நாயகன். இருபத்தைந்து வருஷம். இதற்கிடையில் இதே சென்னையிலிருந்து மல்லிகா ஸ்ரீனிவாசன் டாஃபே டிராக்டர் கம்பெனியை உலகின் பெரிய டிராக்டர் கம்பெனிகளில் ஒன்றாக ஆக்கினார். ராதா வேம்பு சோஹோவின் மெயில் சேவையைக் கட்டி வளர்த்தார். இவர்களை அப்படியே படமெடுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு பெண் கம்பெனி நடத்தினால் அவளை யாராவது அடக்கியே ஆக வேண்டும் என்ற அந்த ஒற்றைக் கதையை இனியாவது கைவிடுங்கள்.

ஸ்டார்ட்அப் என்று வந்துவிட்டால் உங்கள் திரையில் பீன் பேக், காபி மெஷின், ஒரே ராத்திரியில் எழுதி முடிக்கும் ஆப், கைதட்டும் முதலீட்டாளர். நிஜத்தில் அந்தக் கைதட்டலுக்குப் பிறகு வரும் ஒப்பந்தம் பல டஜன் பக்கம் இருக்கும். கம்பெனி விற்கப்பட்டால் முதலில் யார் பணத்தை எடுத்துக்கொள்வார், நிறுவனரையே யார் வெளியே அனுப்பலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் ஆர்வத்தில் பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை. ஊழியருக்குச் சம்பளத்தைக் குறைத்து ஈசாப் என்று பங்கு கொடுப்பார்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸில் சுமார் 500 ஊழியர்கள் அப்படிக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், சந்தோஷமான விஷயம். அதைக் கேட்டுவிட்டு வேறு கம்பெனிகளில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்த பலரிடம் இருப்பது இன்றுவரை வெறும் காகிதம்.

ஆன்லைனில் பாடம் விற்ற பைஜூஸ் கம்பெனியைப் பாருங்கள். கேரளத்துக் கடலோரக் கிராமத்து ஆசிரியர் வீட்டுப் பையன், பாடம் நடத்தியே பெயர் வாங்கியவர், பெங்களூரில் கம்பெனி கட்டினார். 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். பிள்ளையின் படிப்பைக் காட்டிப் பெற்றோரைக் கடன் வாங்க வைத்ததாக அந்தக் கம்பெனியின் விற்பனை முறை மீது புகார் மேல் புகார். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. 2023 டிசம்பரில், ஊழியர்களுக்குச் சம்பளம் போட நிறுவனர் குடும்பத்து வீடுகளையே அடமானம் வைத்தார் என்று செய்தி வந்தது. 2024 ஜூலையில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது. மாதக் கட்டணம் கட்ட முடியாத தாயிடம் அவருடைய கம்பெனி ஆள் வற்புறுத்திப் பேசியதும், ஊழியர் சம்பளத்துக்காக அவர் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்ததும் ஒரே மனிதரின் கதைக்குள் வருகின்றன. உங்கள் கையிலிருக்கும் இரண்டு அச்சு, மண்ணின் மைந்தன் நாயகன், கோட் போட்ட வில்லன், இரண்டிலும் இந்த ஆள் அடங்க மாட்டார். இவரைப் போன்ற ஒருவரை ஒரு நல்ல நடிகர் செய்வதைப் பார்க்க எனக்கு ஆசை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் தொழிலே இப்படித்தானே ஓடுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு ஸ்டார்ட்அப். ஃபைனான்ஸ் வாங்கி, வட்டி ஓட ஓட, விற்குமா என்று தெரியாத ஒரு பொருளைச் செய்கிறீர்கள். வியாழக்கிழமை ராத்திரி லேபிலும் ஃபைனான்சியர் ஆபீஸிலும் உட்கார்ந்து, பழைய படத்தின் பாக்கியைப் பேசி முடித்தால்தான் வெள்ளிக்கிழமை தியேட்டரில் படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கேடிஎம் கிடைக்கும். காலைக் காட்சி ரத்தாகி வாசலில் ரசிகர்கள் நிற்பதை நாங்கள் செய்தியில் பார்க்கிறோம். உள்ளே அந்த ராத்திரி யார் யாரிடம் என்ன கேட்டார்கள், யார் தன் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தார்கள், யார் விட்டுக்கொடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். லைட் தூக்குபவருக்கு அன்றன்றைய பேட்டா தராமல் அடுத்த நாள் ஷூட்டிங் நடக்காது என்பதும், அதை வாங்கித்தர சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெஃப்சி எவ்வளவு போராடியது என்பதும் தெரியும். சம்பளம் கைக்கு வராத உதவி இயக்குநராக உங்களில் எத்தனை பேர் எத்தனை வருஷம் இருந்திருக்கிறீர்கள். இவ்வளவையும் பட்டு அறிந்தவர்கள் ஒரு கம்பெனியைப் படமெடுக்கும்போது அதில் பணத்தின் நடமாட்டத்தையே காணோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. அடுத்து யாராவது தொழில் கதை எழுத உட்கார்ந்தால், நாயகனின் ஃபிளாஷ்பேக்குக்கு முன்னால் அந்தக் கம்பெனியின் மூன்று மாத வங்கிக் கணக்கை எழுதிப் பாருங்கள். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, வர வேண்டியது யாரிடம் நிற்கிறது. அக்கவுன்ட்ஸில் இருப்பவருக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் கொடுங்கள். எச்ஆர் ஆளை வெறும் கோமாளியாக எழுதாதீர்கள். வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தை நீட்டிவிட்டு பாத்ரூமில் போய் அழுதவர்கள் அவர்களில் உண்டு. கடன் கொடுத்த மாமனாரையும், ஃபண்டிங் வந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு "என் பழைய பாக்கி?" என்று போன் போடும் பிரிண்டிங் கடைக்காரரையும் உள்ளே விடுங்கள்.

உதவி வேண்டுமானால் செய்யத் தயாராக இருக்கிறேன். எந்த மாதக் கடைசியிலும் உங்கள் உதவி இயக்குநரை அனுப்பலாம். ஃபவுண்டர்களிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி வைப்பேன். கம்பெனி பெயரும் ஊழியர் பெயரும் வெளியே வரக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. திரைக்கதை எழுதி முடித்த பிறகு அதில் வரும் தேதிகள், வரி, வட்டி, சம்பளக் கணக்கு எல்லாம் நடைமுறைக்குச் சரியாக இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். 25ஆம் தேதிக்கு மேல் அனுப்பினால் மட்டும் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும்.

இப்படிக்கு,
சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடும் ஒரு ரசிகன்,
சென்னை.